வேட்டையாடும் ஈக்கள்: செட்டிநாட்டு வீட்டுத் தோட்டங்களில் அடையாளம் காண்பது எப்படி?

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டைத் தாண்டி, கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடையே உள்ள தோட்டத்தில் அவரைப் பந்தல் போட்டிருக்கிறோம். வெயில் நன்றாக ஏறிய பிறகு, அந்தப் பந்தலில் துருத்திக்கொண்டிருக்கும் பட்டுப்போன குச்சியின் நுனியில் பழுப்பு நிறப் பூச்சி ஒன்று வந்து உட்காருகிறது. நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கும். உடல் பின்னோக்கிப் போகப் போகக் கூம்புகிறது. முகத்தில் அடர்ந்த மயிர்க்கற்றை தெரிகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழும்பிப் போய், சில நொடிகளில் அதே குச்சிக்குத் திரும்பி விடுகிறது. நேற்று திரும்பியபோது அதன் கால்களுக்கு நடுவே ஒரு கொசுத்தேனீ இருந்தது. கூகுள் லென்ஸ் ஒரு படத்துக்குக் குளவி என்றும் இன்னொரு படத்துக்குத் தட்டான் என்றும் விடை தருகிறது.

இதனுடன் வேறு இரண்டு பூச்சிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். கறிவேப்பிலைச் செடியின் இலைமேல் பொன் கலந்த பச்சை நிறத்தில் மிகச் சிறிய ஈக்கள் ஓடித் திரிகின்றன. மாட்டுக்கொட்டிலின் பனங்கைகளைச் சுற்றி, கன்னங்கரேலென்று பெரிய வண்டு ஒன்று இரைச்சலோடு பறக்கிறது. மூன்றும் கொட்டுமா, கடிக்குமா என்பதே வீட்டில் உள்ளவர்களின் முதல் கேள்வி. இவை என்னென்ன என்பதே என் கேள்வி.

பூச்சிநோக்கர் (காரைக்குடி)

ஊருணிக்கரை அண்ணன் அவர்களுக்கு வணக்கம். முதலாவதைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை: அது கொள்ளை ஈ. அசிலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் இக்குடும்பத்தில் 7,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

செயலி ஏன் தடுமாறுகிறது என்றால், அது நிறத்தையும் உடல் வடிவத்தையும் மட்டுமே பார்க்கிறது. ஈக்களைப் பொறுத்தவரை இவை இரண்டும்தான் நம்மை மிக எளிதில் ஏமாற்றுபவை, ஏனென்றால் குளவியைப் போலவும் தேனீயைப் போலவும் தோற்றம் கொண்ட ஈக்கள் ஏராளம். ஆகவே எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் முதலில் இறக்கைகளை எண்ணிவிடுங்கள். குளவிக்கும் தேனீக்கும் தட்டானுக்கும் இரண்டு இணை இறக்கைகள் உண்டு. ஈக்கு ஓர் இணை மட்டுமே உண்டு. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில், காம்பின் நுனியில் அமைந்த இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது இவை விரைந்து அதிர்ந்து, உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஈக்கு உணர்த்துகின்றன. நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் எடுத்த படத்தில் இந்தக் குமிழ்கள் தெரிந்துவிடும்.

அடுத்து முகத்தைப் பாருங்கள். கொள்ளை ஈயை நேருக்கு நேராகப் பார்த்தால், இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருக்கும். நீங்கள் குறிப்பிட்ட மயிர்க்கற்றை, பிடிபட்ட இரை துடிக்கும்போது அதன் கால்களும் கொடுக்கும் முகத்தைத் தாக்காமல் காப்பதற்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. அதற்குக் கீழே, குட்டையான, உறுதியான உறிஞ்சுகுழல் ஒன்று உண்டு. இரையின் கழுத்திலோ, மார்பின் மென்மையான இடுக்கிலோ அதைச் செருகி உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரில் நரம்பை முடக்கும் நஞ்சும் புரதத்தைக் கரைக்கும் நொதிகளும் இருப்பதால், இரை விரைவில் செயலற்றுப்போய், அதன் உள்ளுறுப்புகள் கரைந்துவிடுகின்றன. பிறகு குச்சியில் உட்கார்ந்து நிதானமாக உறிஞ்சும்.

வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அதற்குக் கொடுக்கு கிடையாது, மனிதரைத் தேடி வந்து கடிக்கவும் கடிக்காது. கையில் பிடித்து நசுக்கப் பார்த்தால் மட்டும் வலிக்கக் குத்தும்.

வயல்வரப்பு (கோட்டையூர்)

ஒரே குச்சிக்குத் திரும்பி வருவதை மட்டும் வைத்துக் கொள்ளை ஈ என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதை மேலே சொன்னதுடன் சேர்த்துக்கொள்கிறேன். கண்மாய்க்கரையில் உள்ள தட்டான்களில் பலவும் அப்படித்தான் செய்கின்றன. வேறுபாடு உட்காரும் விதத்தில் இருக்கிறது. தட்டான் இறக்கைகளை இரு பக்கமும் விரித்தே வைத்திருக்கும். கொள்ளை ஈ அவற்றை முதுகின்மேல் மடித்து வைத்துக்கொள்ளும். தட்டானின் உணர்கொம்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மயிரிழையாக இருக்கும். கொள்ளை ஈக்கு அது குட்டையாக, முன்னோக்கி நீட்டியபடி தெளிவாகத் தெரியும். இரவில் விளக்குக்கு வரும் தட்டான் போன்ற மெலிந்த பூச்சிக்கு உணர்கொம்பு நுனியில் பருத்திருந்தால், அது தட்டானும் அல்ல, ஈயும் அல்ல. மாட்டுக்கொட்டில் புழுதியில் கூம்புக்குழி பறித்து எறும்பு பிடிக்கிறதே குழிநரி, அது வளர்ந்து இறக்கை முளைத்த வடிவமே அது.

தேன்பெட்டி (தேவகோட்டை)

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மாந்தோப்பில் இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பெட்டிக்கு எதிரே உள்ள வேலிக்கம்பியில் இந்த ஈக்கள் உட்கார்ந்துகொண்டு, மகரந்தத்தோடு திரும்பும் தேனீக்களைப் பறக்கும்போதே பிடித்துவிடுகின்றன. கீழே உறிஞ்சி எறிந்த கூடுகள் கிடக்கின்றன. இங்கே எல்லோரும் அதன் கண்ணையும் தாடியையும் ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள். தேனீ வளர்ப்பவனுக்கு அது திருடன்தான். வேலியோரமாக மருந்து அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூச்சிநோக்கர் (காரைக்குடி)

தேன்பெட்டி அவர்களின் கோபம் நியாயமானதே. கொள்ளை ஈ ஆளுக்கு ஏற்றாற்போல் நடப்பதில்லை. பறக்கிற பூச்சி எதுவாக இருந்தாலும், தன்னால் அடக்க முடியும் என்று தோன்றினால் பிடித்துவிடும். ஆனால் நன்றாக இருக்கிற ஒரு பெட்டியில் பல ஆயிரம் வேலைக்காரத் தேனீக்கள் இருக்கின்றன. வேலிக்கம்பியில் உட்காரும் சில ஈக்கள் ஒரு நாளில் பிடிப்பதை அந்தக் கூட்டம் எளிதில் ஈடுசெய்துவிடும். பெட்டிக்குள்ளேயே புகுந்து அழிக்கும் மெழுகுப்பூச்சியையும், வாயிலில் காவல் நின்று தாக்கும் கதண்டையும் இதனுடன் ஒரே தட்டில் வைக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது எந்த ஈயும் அல்ல. தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். மருந்தைப் பொறுத்தவரை, வேலியில் அடித்தால் ஈயை விட, அந்த வேலிப் பூக்களுக்கு வரும் உங்கள் தேனீக்களே கூடுதலாகச் சாகும்.

கொள்ளை ஈக்களால் தேனீ வளர்ப்பவர்கள் உண்மையாகவே பாதிக்கப்படும் நாடும் உண்டு. அர்ஜென்டினாவில் மல்லோஃபோரா ருஃபிகௌடா என்னும் பெரிய கொள்ளை ஈ, தேன்பெட்டிகளுக்கு அருகில் கூட்டமாக வேட்டையாடுகிறது. அதே ஈயின் புழுப்பருவம் மண்ணுக்குள் வேர்களைத் தின்னும் வெள்ளைப் புழுக்களை ஒட்டுண்ணியாக இருந்து கொல்கிறது. ஆக, தேனீக்காரருக்கு அது பகை, பக்கத்துக் காட்டுக்காரருக்கு உறவு.

கிணற்றடி (பள்ளத்தூர்)

தம்பி சொல்வதை நானும் ஆமோதிக்கிறேன். ‘நன்மை செய்யும் பூச்சி’, ‘தீமை செய்யும் பூச்சி’ என்று இரண்டு பட்டியல் போட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டும் பழக்கம் எனக்குப் பிடித்ததில்லை. பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பூச்சி என்ன தின்கிறது, எந்தப் பருவத்தில் தின்கிறது என்பதை எழுதி வைத்தால் போதும். பட்டியல் தானே உடைந்துவிடும்.

பார்க்கத் தவறக்கூடாத ஒன்றைச் சொல்கிறேன். கொள்ளை ஈ இரையோடு உட்கார்ந்திருக்கும்போது, ஓசைப்படாமல் அருகே போய் உருப்பெருக்கிக் கண்ணாடியால் இரையைப் பாருங்கள். என் வீட்டு மருதாணி வேலியில் அப்படிப் பார்த்தேன். ஈயின் பிடியில் தேனீ ஒன்று தலைகீழாகத் தொங்கியது. உறிஞ்சுகுழல் அதன் பிடரியில் இறங்கியிருந்தது. கடுகைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள் நான்கைந்து, தேனீயின் வயிற்றின்மேல் வரிசையாக நின்று, கசிந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று கொள்ளை ஈயின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. வேட்டைக்காரன் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அவை என்ன இனம் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பூச்சிநோக்கர் (காரைக்குடி)

அம்மா, அவை பெரும்பாலும் மிலிச்சிடே குடும்பத்து ஈக்களாக இருக்கும். சிலந்தி, கொள்ளை ஈ, கொலைகார நாவாய்ப்பூச்சி ஆகியவை பிடித்த இரையில் பங்குக்கு வந்து பிழைக்கும் இனங்கள் அந்தக் குடும்பத்தில் உண்டு. தேனீ கடிபட்டு வெளியிடும் வாசனையை மோப்பம் பிடித்தே சில இனங்கள் வந்து சேர்கின்றன. அந்தக் காட்சியைப் படம் எடுத்திருந்தால் இங்கே இடுங்கள்.

இனி ஊருணிக்கரை அண்ணனின் இரண்டாவது கேள்வி. பொன்பச்சை நிறச் சிற்றீ, இலைமேல் விட்டு விட்டு ஓடும், கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும் என்றால், அது நெடுங்கால் ஈ; டோலிகோபோடிடே குடும்பம். நீளம் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதுவும் வேட்டை ஈதான், ஆனால் இரை வேறு: அசுவினி, இலைப்பேன், செஞ்சிலந்தி போன்ற மென்னுடல் உயிர்களே இதற்கு உணவு. இறைச்சிக் கழிவிலும் மீன் செதிளிலும் மொய்க்கும் பச்சை ஈயோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பச்சை ஈ பருத்தது, உடலெங்கும் முரட்டு மயிர் கொண்டது. நெடுங்கால் ஈ மெலிந்தது, கால்களை ஊன்றி உடலை இலையிலிருந்து உயர்த்தியே நிற்கும். கறிவேப்பிலைச் செடியில் அது இருந்தால், அதற்குத் தீனி ஆகும் ஏதோ ஒன்று இலையின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும்; இலையைத் திருப்பிப் பாருங்கள்.

கிணற்றடி (பள்ளத்தூர்)

பச்சை நிறம் என்றதும் இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இதைப் பார்க்கலாம். அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில், மரகதப் பச்சையில் பளபளக்கும் குளவி ஒன்று தரையில் நடந்து திரியும். நீளம் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். நடுக்கால்களிலும் பின்கால்களிலும் தொடைப்பகுதி சிவந்திருக்கும். அதன் பெயர் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸா. அது கரப்பானை முதலில் மார்பில் கொட்டி முன்கால்களைச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்கிறது. அடுத்துத் தலைக்குள் மூளைப்பகுதியிலேயே குறிவைத்துக் கொட்டுகிறது. அதன் பிறகு கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக ஓடத் தோன்றாது. குளவி அதன் உணர்கொம்பைப் பாதியில் கடித்து முறித்துவிட்டு, மீந்த முனையைப் பற்றி, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை ஓட்டிச் செல்வதுபோல் பொந்துக்கு நடத்திக்கொண்டு போகிறது. உள்ளே கரப்பானின் காலில் ஒரு முட்டையை இட்டு, வாயிலைச் சிறு கற்களாலும் குப்பையாலும் அடைத்துவிடுகிறது.

நிலைக்கதவின் மூலையிலும், பட்டாசாலைத் தூணின் மேல்பகுதியிலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் மண்குளவி வேறு. கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகள் அடுக்கப்பட்டிருக்கும். இந்த வகையில் ஒன்றுக்கு மதராஸின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம். ஆம்புலெக்ஸுக்கும் இதற்கும் ஒரே ஆண்டில், 1781இல், டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயரிட்டார். 1768 முதல் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக் என்பவர், ஃபாப்ரீசியஸைப் போலவே, உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். இந்தப் பக்கத்துப் பூச்சிகள் பல அவர் வழியாகவே ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. நம் வீட்டு நிலைக்கதவுப் பூச்சிகளை உலகம் அவ்வளவு காலமாக அறிந்திருக்கிறது. வீட்டுக்காரர்களாகிய நாம்தான் இன்னும் ‘ஏதோ குளவி’ என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தேடுகிறோம்.

வயல்வரப்பு (கோட்டையூர்)

பனங்கை வண்டைப் பற்றி யாரும் விடை சொல்லவில்லை. பனங்கையில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமான துளை இருந்து, கீழே மரத்தூள் உதிர்ந்து கிடந்தால், அது தச்சுத் தேனீ. இறக்கைகளில் வெயில் படும்போது ஊதா மினுக்கம் தெரியும். மனிதர் முகத்துக்கு நேரே வந்து நின்று இரைந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது.

ஆனால் துளைக்குள் நுழையாமல், அருகிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும் ‘தச்சுத் தேனீ’ ஒன்று இருந்தால், அதன் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். ஹைப்பரெக்கியா என்னும் கொள்ளை ஈக்கள், தச்சுத் தேனீயைப் போலவே கறுப்பாக, பருமனாக, மயிரடர்ந்து இருக்கும். இந்தியாவிலும் இந்த இனம் உண்டு. வளர்ந்த ஈ தச்சுத் தேனீயைப் பிடிக்கும். அதன் புழு மரத்துளைக்குள் இருக்கும் தேனீப் புழுக்களைத் தின்று வளரும்.

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்)

மிக்க நன்றி. பனங்கையில் துளையும் கீழே தூளும் இருக்கின்றன. பூச்சி துளைக்குள் போய்வருவதையும் பார்த்துவிட்டேன். ஆகவே அது தச்சுத் தேனீ என்று எழுதிக்கொள்கிறேன். கறிவேப்பிலையின் அடிப்பக்கத்தில் அசுவினி இருந்தது.

மதிலுக்கு வெளியே எருக்கஞ்செடியிலும் மஞ்சள் நிற அசுவினி அப்பிக் கிடக்கிறது. அவற்றுக்கு நடுவே காலே இல்லாத, பச்சை கலந்த ஒரு புழு ஊர்கிறது. ஒரு முனை கூர்ந்தும் மறுமுனை அகன்றும் இருக்கிறது. கூர்முனையால் ஓர் அசுவினியைப் பற்றி அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிறது. சற்று நேரத்தில் அசுவினி நிறம் மங்கி வெறும் தோலாகச் சுருங்குகிறது. அதை உதறிவிட்டு அடுத்ததைத் தடவித் தேடுகிறது. இது எந்தப் பூச்சியின் புழு?

பூச்சிநோக்கர் (காரைக்குடி)

நீங்கள் பார்த்தது மிதவை ஈயின் புழு; சிர்ஃபிடே குடும்பம். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகளோடு, பூவுக்கு எதிரே அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் ஈயை எல்லோரும் சிறு குளவி என்று நினைக்கிறார்களே, அதன் குழந்தைப் பருவம். வளர்ந்த ஈ தேனையும் மகரந்தத்தையும் மட்டுமே உண்ணும். புழுவோ, கூட்டுப்புழு ஆகும்வரை நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். கண் தெரியாத புழு என்பதால் தடவித்தான் தேடும். அசுவினிக்காக எருக்கில் மருந்து எதுவும் தெளிக்க வேண்டாம். அங்கிருந்து பிறக்கும் ஈக்கள் உங்கள் அவரைப் பந்தலுக்கும் முட்டையிட வரும்.

தேன்பெட்டி (தேவகோட்டை)

மருந்து அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வேலிக்கம்பியை ஒட்டி இருந்த பெட்டிகளை மட்டும் மரநிழலுக்குள் தள்ளி வைக்கலாம் என்று இருக்கிறேன். கொள்ளை ஈ நிழலுக்குள் வருமா?

பூச்சிநோக்கர் (காரைக்குடி)

பெரும்பாலானவை வெயிலில் சூடேறிய, திறந்த இடத்தையே விரும்பும். நல்ல யோசனை, ஆனால் காலை வெயில் பெட்டி வாயிலில் படும்படி வையுங்கள்.

வயல்வரப்பு (கோட்டையூர்)

முற்றத்துக் கல்தொட்டியைப் பற்றியும் ஒரு சொல். காரைச் சுவரில் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளிகளோடு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருக்கும் தட்டானின் பெயர் பிராடினோபைகா ஜெமினேட்டா. தொட்டிகளிலும் கிணறுகளிலும் தேங்கிய நீரில் முட்டையிடும். அதன் இளம்பருவம் கொசுப்புழுவைத் தின்னும். ஆனால் தட்டான் பார்த்துக்கொள்ளும் என்று தொட்டியில் தண்ணீரை விட்டுவைப்பது விபரீதம். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டானுக்கு அதைப்போல் பல மடங்கு காலம் வேண்டும். புழங்காத வீடுகள் நிறைந்த ஊர் நம்முடையது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுவதே சரி.

ஊருணிக்கரை (கானாடுகாத்தான்)

கொள்ளை ஈயின் புதிய படங்களை மேலே இணைத்திருக்கிறேன்: முகம், பக்கவாட்டு, மடித்த இறக்கை ஆகியவை தனித்தனியாக இருக்கின்றன. பந்தலுக்குக் கீழே ஒரு புல்தாளில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கட்டி ஒன்று இருப்பதையும் படம் எடுத்தேன். அதற்கும் இந்த ஈக்கும் தொடர்பு உண்டா?

பூச்சிநோக்கர் (காரைக்குடி)

இறக்கைப் படம் மிகவும் உதவியது. இறக்கையின் வெளிப்பகுதியில், முன்விளிம்பை அடுத்துள்ள உள்விளிம்பு அறைகள் (இறக்கை நரம்புகளுக்கு இடையே அடைபட்ட கட்டங்கள்) பெரும்பாலான கொள்ளை ஈக்களுக்கு இரண்டே. உங்கள் படத்தில் மூன்று இருக்கின்றன. உடலின் பருமனோடு சேர்த்துப் பார்த்தால் இது ப்ரோமாகஸ் பேரினம் என்று சொல்லலாம். அதற்குமேல் சிற்றினப் பெயரைப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆண் பூச்சியின் வயிற்று நுனியை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல முடியும். செயலி தரும் இரட்டைப் பெயரை அப்படியே பதிவு செய்ய வேண்டாம்.

வெள்ளைக் கட்டியைப் பொறுத்தவரை, ப்ரோமாகஸ் பெண் ஈக்கள் முட்டைகளைத் தண்டில் குவியலாக இட்டு, வெண்ணிறப் பூச்சால் மூடுவது வழக்கம் என்பதால், தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். பொரிந்த புழுக்கள் கீழே விழுந்து மண்ணுக்குள் இறங்கி, அங்குள்ள வண்டுப் புழுக்களைத் தேடி வாழும். தோட்டத்தில் புல் அறுப்பவரிடம் அந்தத் தாளை மட்டும் விட்டுவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவு ஏற்றும்போது ஈயையும் முட்டைக் கட்டியையும் தனித்தனிப் பதிவுகளாக இட்டு, பொரிந்ததும் அந்தத் தேதியை இரண்டாவதன் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.